முதல் டிராக்டர்: வரிசையின் அகலமும் வேலை மணியும்

டிராக்டர் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் முதலில் குறிப்பிடுவது குதிரைத்திறனைத்தான். பக்கத்துத் தோட்டத்தில் 45 குதிரைத்திறன் வண்டி நிற்கிறது. நமக்கும் அதற்குக் குறையக்கூடாது என்பது விருப்பம். வங்கியாளர்களாகிய நாங்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. உங்கள் தோட்டத்தில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே எத்தனை அடி? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எந்த வண்டி என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். மறுபாதியைத் தீர்ப்பது, அந்த வண்டி ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கணக்கு.

ஏறத்தாழ 15 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ள சிறு டிராக்டர்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். அவற்றின் நன்மையும் வரம்பும் ஒருங்கே தெரியும் இடம் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டம். நிபாட், திண்டோரி வட்டங்களில் திராட்சைத் தோட்டங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பகுதியையே நம் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம். மா, மாதுளை, மல்பெரி என வரிசைப் பயிர் எதை வைத்திருப்போரும் தங்கள் தோட்டத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

"சிறு" என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்போருக்கு ஒரு செய்தி. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வடிவமைப்பைக் கொண்டு 1974-இல் பஞ்சாபிலிருந்து வெளிவந்த ஸ்வராஜ் 724, உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான டிராக்டர் என்ற பெருமைக்குரியது. அதன் திறன் 26.5 குதிரைத்திறன். இன்று நாம் சிறியது என்று ஒதுக்கும் அளவு, அன்று ஒரு குடும்பத்தின் முழு உழவையும் சுமந்தது.

நாசிக்கில் திராட்சைக்கு ஆண்டுக்கு இருமுறை கவாத்து. ஏப்ரலில் செய்வது கொடியின் கட்டமைப்புக்கு. அக்டோபரை ஒட்டிச் செய்வது காய்ப்புக்கு. அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அக்டோபர் கவாத்துக்குப் பின் புதுத்தளிர் வரும் வேளையில் பருவம் தவறி ஒரு மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். அது இலையோடு நிற்பதில்லை. பூங்கொத்தையும் பிஞ்சையும் தாக்கும். மழை விட்டதும் தோட்டம் முழுவதும் பூஞ்சாணக்கொல்லி தெளித்தாக வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் ஓர் ஆண்டின் வருமானம் கைநழுவக்கூடும்.

தெளிப்பு வேலைக்கான தேவைகள் உழவு வேலைக்கான தேவைகளிலிருந்து வேறானவை. வரிசைக்கு வரிசை ஒன்பது அடி என்று கொண்டாலும், இருபுறக் கொடிகளும் விரிந்த பின் நடுவில் எஞ்சுவது குறைவே. சிறு டிராக்டர்களில் பல, ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்குள் அடங்கும் அகலம் கொண்டவை. சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு. பெரிய வண்டி வரிசைக்குள் நுழைந்தாலும் தளிரை ஒடிக்கும். வரிசை முனையில் ஒரே மூச்சில் திரும்பாது. வரிசை முனையில் விட்டிருக்கும் திரும்புமிடத்தையும் அளந்து கொண்டுதான் விற்பனை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். பந்தல் முறையில் வளர்ப்போர் உயரத்தையும் அளக்க வேண்டும்.

அடுத்தது நான்கு சக்கர இழுவை. இதற்கு ஆகும் கூடுதல் விலையைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். தெளிப்பு அவசரமாகத் தேவைப்படுவதே மழைக்குப் பின்தான். நிபாட் பகுதியின் கரிசல் மண்ணோ அப்போதுதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கும். சேற்றில் நிற்கும் டிராக்டரால் நோயைத் தடுக்க முடியாது. செம்மண்ணோ மணற்பாங்கான நிலமோ வைத்திருப்போர் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். கரிசலில் தோட்டம் வைத்திருப்போர் தவிர்க்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

பி.டி.ஓ. எனப்படும் பின்தண்டைப் பற்றியும் ஒரு சொல். தெளிப்பானையும் ரோட்டவேட்டரையும் சுழற்றுவது இத்தண்டுதான். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறன் என்ஜினுடையது. தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. 24 குதிரைத்திறன் என்ஜினுக்குத் தண்டில் சுமார் 20 கிடைக்கலாம். கருவி விற்பவர் "20 போதும்" என்றால், எந்த 20 என்று கேட்க வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது தண்டும் நின்றுவிடுமா, அல்லது தனியே சுழலுமா என்பதையும் வண்டியை ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். வரிசை முனையில் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் தெளிப்பு அழுத்தம் இறங்கினால், கடைசிக் கொடிகளுக்கு மருந்து சரியாகச் சேராது.

மகிந்திரா, குபோட்டா, ஸ்வராஜ், ஓசூரில் தயாராகும் வி.எஸ்.டி., ராஜ்கோட்டின் கேப்டன் எனச் சந்தையில் பெயர்கள் பல. எதையும் பரிந்துரைப்பது எங்கள் வேலை அன்று. ஆயினும் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம், டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. தண்டுத் திறன், எரிபொருள் செலவு, தூக்கும் திறன், பிரேக், திரும்பும் வட்டம் ஆகியவை அதில் இருக்கும். நீங்கள் விரும்பும் மாடலின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்ணத்தாள் விளம்பரத்தைவிட அது நம்பத்தக்கது. பழுது பார்க்கும் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை மட்டும் எந்த அறிக்கையும் சொல்லாது; அதை நாமே விசாரிக்க வேண்டும்.

வேலை மணிக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை; உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மீண்டும் செய்து பாருங்கள்.

ஐந்து ஏக்கர் திராட்சை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். வரிசை இடைவெளி ஒன்பது அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒன்பதால் வகுத்தால் 4,840 அடி, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வரிசை நீளம். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 22 நிமிடம். திரும்புதல், மருந்து கலத்தல், தொட்டி நிரப்புதல் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் என்று கொண்டால், ஐந்து ஏக்கருக்கு 3 மணி 20 நிமிடம். பருவத்தில் 30 முறை தெளித்தால் 100 மணி. களையெடுப்பு, எருவடித்தல், கவாத்துக் குச்சிகளை அகற்றுதல் ஆகியவற்றுக்கு இன்னும் 40 மணி. ஆக ஆண்டுக்கு 140 மணி.

டிராக்டரின் விலை ஆறு லட்சம். பத்து ஆண்டுகளுக்குப் பின் இரண்டு லட்சத்துக்கு விற்கலாம் என்று கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 40,000 ரூபாய். வட்டி சராசரியாக 30,000. காப்பீடு, பராமரிப்பு 20,000. வண்டி கொட்டகையில் நின்றாலும் ஓடினாலும் இந்த 90,000 ரூபாய் செலவுதான். ஓடும் மணிக்கு டீசல் 240 ரூபாய், ஓட்டுபவர் வீட்டாரே. வாடகை டிராக்டர் மணிக்கு 700 ரூபாய் என்று வைப்போம். 700-இல் 240 போக 460. அந்த 460-ஆல் 90,000-ஐ வகுத்தால் 196 வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மணி ஓடினால்தான் சொந்த வண்டி வாடகை வண்டிக்குச் சமமாகும். நம் குடும்பத்துக்கு இருப்பதோ 140 மணி.

அப்படியானால் வாங்க வேண்டாமா? தாளில் உள்ள விடை அதுதான். ஆனால் மழை விட்ட காலையில் ஊரிலுள்ள அத்தனை தோட்டங்களும் ஒரே வாடகை டிராக்டரைத் தேடும். நம் முறை வர இரண்டு நாள் ஆகலாம். 140 மணியில் முக்கியமானவை அப்படிப்பட்ட இருபது, முப்பது மணிகள்தாம்; அவற்றின் மதிப்பு 700 ரூபாயில் அடங்காது. எனவே இத்தகைய விண்ணப்பத்தை ஏக்கர் குறைவு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியன்று என்பதே நம் நிலை. எஞ்சிய 60 மணியை எங்கிருந்து ஈட்டுவது என்பதற்கு விண்ணப்பதாரரிடம் விடை இருக்க வேண்டும்.

பலரும் சொல்லும் விடை, பக்கத்துத் தோட்டத்தாரோடு கூட்டாக வாங்குவது. இது எளிதாகத் தோன்றும்; ஆனால் இருவரும் ஒரே வாரத்தில் கவாத்துச் செய்திருந்தால், இருவருக்கும் ஒரே காலையில் வண்டி தேவைப்படும். கூட்டு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாசிக் மாவட்டத்திலேயே வடக்கே உள்ள பாக்லான் வட்டத்தில் முன்பருவத் திராட்சைக்காக நிபாடைவிடப் பல வாரங்கள் முன்னரே கவாத்துச் செய்கிறார்கள். ஒரே ஊருக்குள்ளும் கவாத்துத் தேதியை இரண்டு, மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொள்வோர் உண்டு. தேதி விலகியிருந்தால் தளிர்ப் பருவம் விலகும். தேவை மோதுவது குறையும். கூட்டாக வாங்க எண்ணுவோர் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசுமுன் கவாத்துத் தேதிகளைப் பேச வேண்டும். பதிவுச் சான்றும் கடனும் ஒருவர் பெயரில் இருக்க, மற்றவர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுப்பதும் நல்லதன்று. ஒரு பக்க ஒப்பந்தமேனும் எழுத்தில் இருக்கட்டும்.

கடன்

டிராக்டர் கடன் பருவக்கடன் அன்று. கிசான் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு, தவணை தவறாமல் செலுத்துவோருக்கு நான்கு சதவீத வட்டி என்ற சலுகை இருப்பதை அறிந்தவர்கள், டிராக்டருக்கும் அதே வட்டி என்று எண்ணிவிடுகிறார்கள். அது குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு உரியது. டிராக்டர் வாங்குவது நீண்டகாலக் கடன். இன்னொன்று, நம் கையிலிருந்து போட வேண்டிய முன்பணத்தைப் பயிர்க்கடன் கணக்கிலிருந்தே எடுத்துக் கொடுப்பது. அக்டோபரில் உரத்துக்கும் மருந்துக்கும் வேண்டிய பணம் இப்படி இரும்பாக மாறிவிட்டால், தெளிப்பான் இருந்தும் தெளிக்க மருந்து இராது.

தவணையை அறுவடையோடு பொருத்துவது இன்றியமையாதது. திராட்சைக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. மாதத்தவணை ஒப்புக்கொண்டவர் ஆகஸ்டில் வட்டிக்குக் கைமாற்று வாங்க நேரிடும். ஆண்டுத்தவணை, ஏப்ரல் இறுதியில் என்று கேளுங்கள். பயிருக்கேற்ற தவணை என்பது சலுகையன்று, வேளாண் கடனின் இயல்பு. பால்மாடும் வைத்திருப்போருக்கு மாதவருமானம் இருப்பதால் அவர்கள் வேறு வகையில் தீர்மானிக்கலாம்.

ஐந்து லட்ச ரூபாய் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால், ஆண்டுக்கு அசல் ஒரு லட்சம். முதல் ஆண்டு வட்டி 50,000. முதல் தவணை ஒன்றரை லட்சம். வட்டி ஆண்டுதோறும் 10,000 குறைந்து, ஐந்து ஆண்டில் மொத்த வட்டி ஒன்றரை லட்சம் ஆகிறது. இதையே ஒன்பது ஆண்டுக்கு நீட்டினால் முதல் தவணை ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்குள் அடங்கும். மொத்த வட்டி இரண்டரை லட்சமாக ஏறும். குறைந்த தவணைக்கு நாம் கொடுக்கும் விலை ஒரு லட்சம். ஒரு பருவம் பொய்த்தாலும் தாங்கக்கூடிய தவணையைத் தேர்ந்து, நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் கூடுதலாகச் செலுத்திவிடுவது நல்லது. முன்கூட்டிச் செலுத்தினால் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுவிட வேண்டும்.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணையம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஐந்து லட்சம் அந்த வரம்பைத் தாண்டுவதால், டிராக்டரோடு நிலத்தையும் அடமானமாகக் கேட்கும் நிலை வரலாம். இதைக் குடும்பத்தில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். தாளில் கையெழுத்திடுவது தந்தையாக இருக்கலாம். பந்தயத்தில் இருப்பது அனைவரின் நிலமுமாகும்.

மானியத்தைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறு, குறு விவசாயிகள் ஆகியோருக்கு விலையில் 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. மகாராஷ்டிரத்தில் மகாடி.பி.டி. தளம் வழியே விண்ணப்பித்து, முன் அனுமதி வந்த பின்னரே வண்டியை வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் விண்ணப்பித்தால் மானியம் கிடைக்காது. மானியம் வந்துவிடும் என்று கணக்கிட்டு முன்பணத்துக்குக் கைமாற்று வாங்குவதும் வேண்டாம். அது நம் கணக்கில் வரவான பிறகே நம் பணம். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. விலைப்பட்டியலில் அந்த 5 இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் அங்கு முதன்மையானது சாத்பாரா எனப்படும் 7/12 பதிவேட்டு நகல். நம் சிட்டா, அடங்கல் செய்யும் பணியை அங்கு அது செய்கிறது. அதில் பயிர் திராட்சை என்று பதிவாகியிருக்கிறதா எனப் பார்த்த பிறகு விண்ணப்பிப்பது அலைச்சலைக் குறைக்கும்.

வண்டி வந்த பிறகு

முதல் 50 மணி நேரம் என்ஜின் பழகும் காலம். அந்நாட்களில் முழுச்சுமை ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் இருந்து, முதல் சர்வீசைத் தவறாது செய்ய வேண்டும். அதன் பின் நாள்காட்டியைவிட மணிமானியைப் பார்த்தே பராமரிப்பு. வண்டியோடு வரும் கையேட்டில் எத்தனை மணிக்கு எந்த எண்ணெய் மாற்ற வேண்டும் என்று இருக்கும். ஒரு நோட்டில் மணி, டீசல், செய்த வேலை, எவருடைய தோட்டம் என்று எழுதி வந்தால், ஆண்டு முடிவில் மேற்சொன்ன 200 மணியைத் தொட்டோமா என்பது ஊகமின்றித் தெரியும்.

சிறு வண்டி என்பதால் ஆபத்தும் சிறிது என்று எண்ணுவது தவறு. பல மாடல்களின் எடை ஒரு டன்னை எட்டுவதில்லை. 500 லிட்டர் தெளிப்பான் நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டுமே அரை டன். சரிவில் இறங்கும்போது பின்னாலுள்ள சுமை முன்னாலுள்ள வண்டியைத் தள்ளும். சரிவு தொடங்குமுன்பே கீழ்க்கியருக்கு மாற்றிவிட வேண்டும். நடுச்சரிவில் கிளட்சை மிதிக்கக்கூடாது. வயலில் தனித்தனியே இயங்கும் இடது, வல பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் பூட்டி இணைக்க வேண்டும். இல்லையேல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுழன்று கவிழும். சேற்றில் சிக்கியதை இழுக்கும்போது கயிற்றைக் கீழேயுள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். மேல் இணைப்பில் கட்டினால் முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். அது நிகழ ஓரிரு நொடிகள் போதும். குதித்துத் தப்ப நேரமிராது.

கவிழும்போது காக்கும் வளைவுச் சட்டம் கொடிகளில் இடிக்கிறது என்று மடித்துவைப்போர், வரிசையை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டி, இருக்கைப் பட்டையையும் அணிய வேண்டும். சுழலும் பின்தண்டின் மேலுள்ள உறையைக் கழற்றி எறிவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வேட்டி நுனி, துண்டு, புடவைத் தலைப்பு எது சிக்கினாலும் நிமிடத்துக்கு 540 சுற்றில் இழுத்துவிடும். உறை உடைந்தால் அன்றே மாற்றுங்கள். என்ஜினை நிறுத்தாமல் தண்டைத் தாண்டிச் செல்லாதீர்கள். தெளிப்பவர் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக்காப்பு, உரிமையாளரே, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டும்போது மட்டும் பொருந்தும். பதிவுச் சான்று தந்தை பெயரில் இருக்க, நாள்தோறும் ஓட்டுபவர் மகன் என்றால், மகனுக்கு அந்தக் காப்பு இல்லை. நிலம் தந்தை பெயரில் இருப்பதால் வண்டியும் அவர் பெயரிலேயே பதிவாகும் குடும்பங்களில் இதுவே பொதுநிலை. ஓட்டுபவருக்குத் தனியே விபத்துக்காப்பீடு எடுக்க ஆகும் செலவு, ஒரு தடவை தெளிக்கும் மருந்தின் விலையோடு ஒப்பிடத்தக்கது. டிரெய்லரையும் தெளிப்பானையும் பாலிசியில் தனியே குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

கடைசித் தவணை கட்டிய அன்று வேலை முடிந்துவிடுவதில்லை. வங்கியிடம் நிலுவை இல்லை என்ற சான்றையும், கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துப் பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். நிலம் அடமானத்தில் இருந்திருந்தால் அதன் விடுவிப்பும் பதிவாக வேண்டும். நாசிக் விவசாயி என்றால் 7/12-இன் "இதர உரிமைகள்" பகுதியில் ஏறியிருக்கும் கடன்சுமைக் குறிப்பு நீங்கியதா என்று புதிய நகல் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் வில்லங்கச் சான்றில் பார்க்க வேண்டும்.